மூன்று படிகளும் இரவில் நிற்கும் லிஃப்டும்: நம் அடுக்ககக் கூட்டு நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், பொருளாளர், குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

சென்ற பொதுக்கூட்டத்தின் குறிப்புகளைத் தரைத்தளத்தில் தபால் பெட்டிகளுக்கு மேலே ஒட்டியிருக்கிறீர்கள். அதில் ஒரு தீர்மானம் என்னைப் பற்றியது. பெயர் போடவில்லை, ஆனால் நம் புளோக்கில் வாக்கர் பிடித்து நடக்கிற ஆள் நான் ஒருவன்தான், ஆறாம் வகுப்புப் பிள்ளை படித்தாலும் யாரென்று தெரிந்துவிடும். "குணமாகி வரும் ஒருவரின் தற்காலிகத் தேவைக்காகப் பொதுப் பணத்தைச் செலவிட இயலாது" என்று சொல்லி, லிஃப்ட் வாசலிலிருந்து கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கும் மூன்று படிகளுக்கு ஒரு சாய்தளம் கேட்ட என் மனுவைத் தள்ளுபடி செய்திருக்கிறீர்கள். அதற்கு அடுத்த வரியிலேயே, இருக்கிற இரண்டு லிஃப்டில் பழுதாகிக் கிடப்பதை, சர்விஸ் கட்டண நிலுவை வசூலாகும்வரை தொடப்போவதில்லை என்றும், ஓடுகிற மற்றொன்றை நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணிவரை நிறுத்தி வைக்கப்போவதாகவும் முடிவு.

இந்த இரண்டு முடிவையும் என்னால் ஏற்க முடியாது. ஏன் என்று மலாயில் எழுதிக் கொடுத்துவிட்டேன், பதில் வரவில்லை. தமிழில் எழுதுவதற்குக் காரணம், தலைவரும் செயலாளரும் தமிழ் படிப்பவர்கள், நம் புளோக்கில் பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள், கூட்டத்தில் கை தூக்கியவர்களிலும் பலர் நம் ஆட்களே. எதற்குக் கை தூக்கினோம் என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

முதலில் நோயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் ஒருவர் ஸ்ட்ரோக் என்றார், இன்னொருவர் ஊசி போட்டதால் வந்தது என்றார், வெளியே வராண்டாவில் செய்வினை வரைக்கும் போய்விட்டது பேச்சு. எனக்கு வந்தது கில்லன் பாரே சிண்ட்ரோம், சுருக்கமாக ஜிபிஎஸ். ஸ்ட்ரோக் பெரும்பாலும் மூளையில் தொடங்கி உடம்பின் ஒரு பக்கத்தை இழுக்கும். இது மூளையை விட்டுவிட்டு கைகால்களுக்குப் போகிற நரம்புகளைப் பிடிக்கும், இரண்டு பக்கமும் சேர்ந்து, பெரும்பாலும் பாதத்தில் தொடங்கி மேலே ஏறும். 1916-ல் கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என்ற மூன்று பிரெஞ்சு மருத்துவர்கள் இரண்டு சிப்பாய்களிடம் பார்த்து எழுதி வைத்தது. நூறு வருடத்துக்கு மேலான பழைய நோய்தான், நமக்குத்தான் புதிது.

வருகிற விதமும் விசித்திரம். எனக்கு ஒரு வயிற்றுப்போக்கு வந்தது, இரண்டு மூன்று நாளில் நின்றது, நானும் மறந்துவிட்டேன். ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துக் கால் விரல்கள் மரத்துப்போயின. உடம்பின் எதிர்ப்பு சக்தி கிருமியோடு சண்டை போடும்போது, அந்தக் கிருமியின் மேலே இருக்கிற ஒரு பொருளும் நம் நரம்பில் இருக்கிற ஒரு பொருளும் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தால், கிருமி போன பிறகும் அது நரம்பை விடாமல் தாக்குகிறது. இப்படி ஜிபிஎஸ்ஸைக் கிளப்பிவிடும் கிருமிகளில் முதலிடம் கேம்பிலோபாக்டர் என்கிற பாக்டீரியாவுக்கு. சரியாக வேகாத கோழி, சுத்தமில்லாத தண்ணீர் வழியாக வயிற்றுக்குள் போகும். 2025 ஜனவரியில் இந்தியாவின் புனே நகரத்தில் ஒரே பகுதியில் ஏகப்பட்ட பேருக்கு ஜிபிஎஸ் வந்து செய்தியானதே, அங்கேயும் தண்ணீரைத்தான் முதலில் சோதித்தார்கள். எனக்கு எந்தச் சாப்பாட்டில் வந்ததென்று தெரியாது, யார் மேலும் பழி போட விரும்பவில்லை.

ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஜிபிஎஸ் தொற்றுநோய் கிடையாது. என்னைத் தொட்டால் வராது, என் மூச்சுக்காற்றில் வராது, லிஃப்டில் பக்கத்தில் நின்றால் வராது. நான் உள்ளே ஏறியதும் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போன அம்மாவை நான் குறை சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது. ஆனால் "அவர் லிஃப்ட் பயன்படுத்த ஒரு தனி நேரம் ஒதுக்கலாமா" என்று குழு உறுப்பினர் ஒருவரே கூட்டத்தில் கேட்டதாக என் மனைவி வந்து சொன்னாள். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் ஒரு டாக்டரிடமோ, குறைந்தபட்சம் என்னிடமோ ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம்.

சரி, லிஃப்டுக்கு வருகிறேன்.

நோய் முற்றிய அந்த ராத்திரியில் நம் லிஃப்ட் இரண்டும் ஓடவில்லை. ஒன்று ஏற்கெனவே பழுது, மற்றது அன்று சாயங்காலத்திலிருந்து ஆறாம் மாடியில் கதவு பாதி திறந்தபடி நின்றுபோயிருந்தது. நான் ஒன்பதாம் மாடி. காலையில் மாடிப்படியில் தடுமாறினேன், மதியம் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை, இருட்டியபோது கையில் தண்ணீர் டம்ளர் நிற்கவில்லை. கிளினிக்கில் சத்துக் குறைவு என்று சொல்லி வைட்டமின் மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பத்து மணிக்கு மேல் பேச்சு குழறியது, படுத்தால் மூச்சு முட்டியது. 999-க்குப் போன் போட்டு ஆம்புலன்ஸ் வந்தது, வந்தவர்கள் படியேறித்தான் வர வேண்டியிருந்தது. எங்கள் வீட்டுச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, என் மார்பைக் கைலித் துணியால் நாற்காலி முதுகோடு கட்டி, ஆம்புலன்ஸ்காரர்களும், எட்டாம் மாடி மலாய்ப் பையன்கள் இருவரும், நாசி கண்டார் கடையில் வேலை செய்கிற பக்கத்து வீட்டு அண்ணனும் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். என் தலை நிற்கவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பக்கமாகச் சரிந்தது, மனைவி பின்னாலிருந்து இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். நடுவில் நான்காம் மாடியில் யாரோ போட்டு வைத்திருந்த பழைய மெத்தையை நகர்த்துவதற்காக நாற்காலியைக் கீழே வைத்தார்கள். அந்த நேரம் முழுக்க நான் எண்ணியது ஒன்றைத்தான், அடுத்த மூச்சு வருமா என்று.

இதில் மிகைப்படுத்தல் கிடையாது. ஜிபிஎஸ் வந்தவர்களில் நூற்றுக்கு 20 முதல் 30 பேருக்கு மூச்சுத் தசையும் செயலிழந்து வென்டிலேட்டர் தேவைப்படுகிறது. சிலருக்கு நாள் கணக்கில் மெதுவாக ஏறும், சிலருக்கு மணிக்கணக்கில் ஏறிவிடும். எனக்கு இரண்டாவது. ஆஸ்பத்திரியில் ஒரு குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள், நுரையீரல் எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது என்று பார்க்க. ஊதியதில் முள் அசைந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நேராக ஐசியூ, தொண்டையில் குழாய். அப்புறம் ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின், அதாவது ஆயிரக்கணக்கானவர்கள் தானம் கொடுத்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம், சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். அதுவோ, இல்லையென்றால் இரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றுவதோ, இரண்டில் ஒன்றைச் சீக்கிரம் தொடங்கினால் பலன் கூடுதல். அதனால்தான் கீழே இறங்க எடுத்த நேரம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அன்று லிஃப்ட் பழுதாகி நின்றது. மெஷின்தானே, பழுதாகும், அதை நான் புரிந்துகொள்கிறேன். இப்போது அதே நிலையை ஒவ்வொரு ராத்திரியும் ஐந்து மணி நேரத்துக்குத் தீர்மானம் போட்டு நீங்களே உண்டாக்குகிறீர்கள். ஜிபிஎஸ் ஒருமுறை வந்தவர்களில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு மறுபடியும் வருவதுண்டு. எனக்கு வராமல் போகலாம். ஆனால் என் மனைவி ராத்திரியில் எழுந்து என் கால் விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உணர்ச்சி இருக்கா" என்று கேட்டு, அதற்கப்புறம் ஜன்னல் வழியாகக் கீழே லிஃப்ட் லாபி விளக்கு எரிகிறதா என்றும் பார்க்கிறாள். நள்ளிரவு ஆனதும் அந்த விளக்கு அணைகிறது.

இரவில் நிறுத்துவதற்குச் சொன்ன காரணம், பையன்கள் பொத்தானை உடைக்கிறார்கள், லிஃப்ட் தேய்கிறது என்பது. நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மின் பராமரிப்பு வேலை பார்க்கிறவன், மெஷின் தேய்வது ஓட்டத்தால். நள்ளிரவுக்கு மேல் நம் லிஃப்ட் எத்தனை முறை ஓடும்? பொத்தானை உடைப்பவனுக்கு மாலை ஏழு மணியும் ஒன்றுதான், இரவு ஒரு மணியும் ஒன்றுதான். நடுராத்திரியில் வீடு திரும்புகிறவர்கள் யாரென்று பாருங்கள்: ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் முடித்த பெண்கள், கடைசி ஷிப்டில் டயாலிசிஸ் முடித்துக்கொண்டு களைத்து வரும் ஏழாம் மாடிப் பெரியவர், சாப்பாட்டுக் கடை அடைத்துவிட்டு வரும் குடும்பங்கள். ஷிப்ட் கொஞ்சம் தாமதமானால் இவர்கள் எல்லோருக்கும் படிதான். பையன்களுக்குத் தண்டனை என்று நினைத்துப் போட்ட பூட்டு இவர்கள் தலையில் விழுந்திருக்கிறது.

அடுத்தது "தற்காலிகம்". இந்த வார்த்தையை எந்தக் கணக்கில் எழுதினீர்கள் என்று கேட்க விரும்புகிறேன்.

நரம்பு எப்படிச் சேதமாகிறது என்பதை நியூராலஜி டாக்டர் விளக்கியபோது எனக்குக் கேபிள் ஞாபகம்தான் வந்தது, அவரும் அதையே சொன்னார். மேலே இருக்கிற ரப்பர் உறை உரிந்திருந்தால் ஒரு கதை, உள்ளே செம்புக் கம்பியே அறுந்திருந்தால் வேறு கதை. உறை மட்டும் உரிந்தவர்களுக்குச் சில வாரங்களில், சில மாதங்களில் உறை திரும்ப வளர்ந்துவிடும். எனக்கு நரம்பில் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் சோதனையில் கம்பியும் போயிருப்பது தெரிந்தது. அறுந்த நரம்பு திரும்ப வளரும், ஆனால் நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். முதுகெலும்பிலிருந்து பாதத்துக்கு ஒரு மீட்டர் தூரம் என்று வையுங்கள், கணக்கை நீங்களே போடுங்கள். ஆயிரம் நாள் வருகிறது. நரம்பு முழு நீளத்துக்கும் போயிருக்காது, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்காது, முழுதாக வந்து சேரும் என்றும் உத்தரவாதம் இல்லை. ஆனாலும் தற்காலிகம் என்றால் ஹரிராயா பெருநாள் வரைக்கும் என்றோ தீபாவளி வரைக்கும் என்றோ நினைப்பது தவறு. ஜிபிஎஸ் வந்தவர்களில் ஐந்தில் ஒருவர் ஆறு மாதம் கழித்தும் துணையில்லாமல் நடக்க முடியாமல் இருக்கிறார். பிறகும் முன்னேற்றம் உண்டு, இரண்டு வருடம், மூன்று வருடம் கழித்தும் தேறியவர்கள் இருக்கிறார்கள். அதுவரைக்கும் வீட்டை விட்டு இறங்கி ஏற வேண்டுமே.

தலைவர் அவர்களே, நீங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்து என்னைப் பார்த்தவர், ஆரஞ்சுப் பழமும் கொண்டுவந்தீர்கள், மறக்கவில்லை. "அடுத்த தைப்பூசத்துக்குள்ளே தண்ணீர்மலை ஏறிடுவே தம்பி" என்று தைரியம் சொன்னீர்கள். அங்கே முருகன் கோயிலுக்கு 500-க்கும் மேற்பட்ட படிகள். நான் கேட்பது மூன்று படிகளைப் பற்றி.

அந்த மூன்று படியில் நான் இறங்குவதை நீங்கள் ஒருநாளாவது நின்று பார்க்க வேண்டும். என் இரண்டு பாதமும் முன்பக்கம் தொங்கிவிடும், கணுக்காலிலிருந்து தூக்க வராது, அதற்காகக் காலணிக்குள்ளே முழங்காலுக்குக் கீழே வரை ஒரு பிளாஸ்டிக் பட்டை மாட்டியிருக்கிறேன். இறங்கும்போது பக்கவாட்டாகத் திரும்பி இரண்டு கையாலும் கைப்பிடிக் கம்பியைப் பிடிக்க வேண்டும். நம் கைப்பிடி இரண்டாவது படியோடு முடிந்துவிடுகிறது. அதன் கீழ் முனை சிமெண்டிலிருந்து பெயர்ந்து ஆடுகிறது, துரு ஏறி உள்ளங்கையைக் கிழிக்கிறது. கடைசிப் படிக்குப் பிடிமானமே இல்லை. அந்த இடத்தில் மனைவி கீழே நின்று தோளைக் கொடுப்பாள், நான் சாய்வேன், அவள் பின்னால் ஒரு அடி போவாள், காவலாளி நேப்பாளித் தம்பி இருந்தால் ஓடி வந்து பிடிப்பார். மழை பெய்திருந்தால் அன்று இறங்குவதில்லை. இறங்கவில்லையென்றால் ஃபிசியோதெரபி இல்லை. ஒருமுறை தவறவிட்டால் அடுத்த தேதி கிடைக்கச் சில சமயம் வாரக்கணக்காகிறது, அரசாங்க ஆஸ்பத்திரியில் என்னை மாதிரி எத்தனையோ பேர் வரிசையில் நிற்கிறார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

ஏறுவது இன்னும் மோசம். பாதத்தின் நுனி படியின் விளிம்பில் இடிக்கும், எனக்கு அது தெரியாது, ஏனென்றால் விரலில் உணர்ச்சி சரியாக இல்லை. கால் மேலே வந்துவிட்டதென்று நினைத்து எடையைப் போடும்போதுதான் தெரியும் வரவில்லை என்று. விழுந்திருக்கிறேன். நெற்றியில் தையல் போட்ட தழும்பைப் பார்த்துவிட்டுக் குழுவில் ஒருவர், "பார்த்து நடங்க" என்றார்.

லிஃப்ட் கதவையும் சொல்ல வேண்டும். ஓடுகிற லிஃப்டின் கதவு சென்சார் வேலை செய்யவில்லை. வாக்கரின் முன் சக்கரம் உள்ளே போய் நான் இன்னும் வெளியே இருக்கும்போதே கதவு மூடத் தொடங்கும். கதவைத் திறந்தே வைக்கும் பொத்தானை அழுத்த என் விரலுக்குப் பலம் போதாது, முழங்கையால் அழுத்துகிறேன், ஒன்பது என்ற எண் தேய்ந்து உள்ளே அமிழ்ந்துவிட்டதால் அதற்கு முழங்கையும் எட்டாது. யாராவது வரும்வரை நிற்பேன். நின்றுகொண்டு காத்திருப்பது உங்களுக்குச் சாதாரணம், எனக்கு அது ஒரு வேலை.

இந்த இடத்தில் களைப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் "ஒன்பது மாடிதானே, மெதுவாகப் படியேறினால் அதுவும் எக்சர்சைஸ்தானே" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, சிலர் சிரித்திருக்கிறீர்கள். ஜிபிஎஸ்ஸிலிருந்து தேறியவர்களில் நூற்றுக்கு 60 முதல் 80 பேருக்குக் கடுமையான களைப்பு நீடிக்கிறது. நடக்க ஆரம்பித்தவர்களுக்கும், வேலைக்குத் திரும்பியவர்களுக்கும்கூட. தூங்கி எழுந்தால் போகிற களைப்பு இல்லை. காலையில் குளித்துச் சட்டை போட்டதும் அன்றைய பலத்தில் பாதி செலவாகிவிடும். நரம்பு பாதிதான் திரும்பியிருக்கும்போது தசையைப் போட்டு வதைத்தால் அது பலப்படாது, பின்வாங்கும். "களைப்பு வருவதற்கு முன்னாலேயே நிறுத்துங்கள்" என்பதுதான் ஃபிசியோதெரபிஸ்ட் எனக்குப் போட்ட முதல் விதி. ஒன்பது மாடி ஏறச் சொல்கிறவர்கள் அவரைவிட அதிகம் படித்தவர்களா என்று தெரியவில்லை.

"இந்த மாதிரி நோய் இலட்சத்தில் ஒருத்தருக்கு வருவது, அதற்காக எல்லோரும் பணம் கட்ட முடியுமா" என்ற கேள்வியும் வந்திருக்கிறது. இலட்சத்தில் ஒருவர், இருவர் என்பது சரி, ஆனால் அது ஒரு வருடத்துக்கான கணக்கு. 3 கோடியே 40 இலட்சம் பேர் வாழும் மலேசியாவுக்கு அதைப் பொருத்தினால் வருடாவருடம் சில நூறு பேர். நம் நாட்டில் அறியாத நோயும் இல்லை. 2021-ல் லான்செட் மருத்துவ இதழில் ஜிபிஎஸ் பற்றி வந்த விரிவான கட்டுரையின் முதல் ஆசிரியர் மலாயாப் பல்கலைக்கழக நரம்பியல் பேராசிரியர் நோர்தினா ஷாஹ்ரிஸைலா.

அதை விடுங்கள். நம் புளோக்கில் மட்டும் அந்த மூன்று படியால் அவதிப்படுகிறவர்கள் எத்தனை பேர் என்று கீழே பத்து நிமிடம் நின்றால் தெரியும். மோட்டாரில் விழுந்து காலில் மாவுக்கட்டு போட்டிருக்கும் டெலிவரிப் பையன். முட்டி தேய்ந்த பாட்டிகள். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு, வண்டியைத் தூக்க ஆள் தேடும் தாய். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர். இவர்கள் எல்லோருடைய தேவையும் தற்காலிகம்தான். ஒருவர் போனால் இன்னொருவர் வருவார், படி மட்டும் அப்படியே இருக்கும்.

ஓகேயூ அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை, இருக்கிறதா என்று செயலாளர் கேட்டார். இன்னும் இல்லை. எனக்கு எவ்வளவு திரும்பி வரும், எவ்வளவு நிரந்தரமாக நிற்கும் என்று டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார், அதுவரை விண்ணப்பம் நிற்கிறது. அட்டை இல்லாததால் ஊனமுற்றவன் இல்லை, வாக்கர் இருப்பதால் நலமானவனும் இல்லை, இப்படி இரண்டுக்கும் நடுவே இருப்பவனுக்கு எந்தக் கதவும் திறப்பதில்லை. 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை எடுத்துப் பாருங்கள், நீண்டகாலக் குறைபாடும் வெளியே இருக்கும் தடைகளும் சேர்ந்து ஒருவரை மற்றவர்களோடு சமமாகப் பங்கெடுக்க விடாமல் செய்வதைப் பற்றித்தான் அது பேசுகிறது. என் நரம்பு என் பொறுப்பு. தடையை அகற்றுவது உங்கள் பொறுப்பு.

பணம் இல்லை என்கிறீர்கள். நிலுவை பெரிய தொகை என்பது எனக்குத் தெரியும், கட்டாதவர்கள் மேல் எனக்கும் கோபம் உண்டு. நான் கட்டியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் தங்குவதற்குச் சட்டப்படி கிடைக்கும் 60 நாள் சம்பள விடுப்பு முடிந்து, அதற்கப்புறம் சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கும்போதும் என் மனைவி முதலில் எடுத்து வைப்பது சர்விஸ் கட்டணத்தைத்தான். அந்தக் கட்டணத்தோடு பத்து விழுக்காடு சேமிப்பு நிதிக்கு என்று தனியாக வாங்குகிறீர்கள். லிஃப்ட் மாதிரி பெரிய பழுதுகளுக்காகத்தான் அந்த நிதி. அதில் எவ்வளவு இருக்கிறது என்று கூட்டத்தில் கணக்குக் காட்டப்படவில்லை. ஆனால் இதே ஆண்டில் நுழைவாயிலுக்கு ரிமோட்டில் தானாக எழும்பும் தடுப்புக் கம்பி வந்துவிட்டது, காவலாளி அறைக்குப் புதுச் சாயமும் அடித்தாகிவிட்டது. கார் நிற்காமல் உள்ளே வருகிறது, சந்தோஷம்.

கைப்பணம் போதவில்லை என்றால் கேட்கிற இடத்தில் கேட்கலாம். குறைந்த விலை, நடுத்தரக் குறைந்த விலை அடுக்ககங்களின் லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, கூரை வேலைகளுக்கு உதவ பினாங்கு மாநில அரசாங்கம் ஒரு பராமரிப்பு நிதி வைத்திருக்கிறது. செலவில் 80 விழுக்காடுவரை அரசாங்கம், மீதி நாம். நமக்கு ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டதற்கு, "ஃபாரம் நிறைய" என்று பதில். ஃபாரம் நிரப்ப ஆள் இல்லையென்றால் என்னிடம் கொடுங்கள். கை நடுங்கும், ஆனால் தட்டச்சு செய்ய முடிகிறது, இந்த மடலையே அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

சாய்தளத்துக்கு மாநில அரசாங்கம் வரைக்கும் போக வேண்டியதில்லை. மூன்று படி, ஒவ்வொன்றும் பதினைந்து சென்டிமீட்டர், மொத்தம் 45. மலேசியத் தரநிலையான எம்.எஸ். 1184 சொல்கிற சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று. அப்படியென்றால் 5.4 மீட்டர் நீளம். லாபியின் வலது பக்கச் சுவரோரம், இப்போது பழைய சோபாவும் உடைந்த மீன் தொட்டியும் கிடக்கிற இடம், அதற்குத் தாராளமாகப் போதும். நான் டேப் வைத்து அளக்கச் சொன்னேன், பக்கத்து வீட்டு அண்ணன் அளந்தார்.

நான் கேட்பதைச் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

இரவில் லிஃப்டை நிறுத்தும் முடிவை இந்த வாரமே திரும்பப் பெறுங்கள், அடுத்த பொதுக்கூட்டம் வரைக்கும் தள்ளாதீர்கள். பையன்கள் பிரச்சினைக்கு லிஃப்டுக்குள்ளே ஒரு கேமரா பொருத்துங்கள். பழுதாகிக் கிடக்கும் லிஃப்டுக்கு லிஃப்ட் கம்பெனியின் எழுத்துபூர்வமான மதிப்பீட்டை வாங்கி, சேமிப்பு நிதியின் இருப்போடு சேர்த்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், மாநில நிதிக்கு விண்ணப்பத்தை மாத இறுதிக்குள் அனுப்புங்கள். ஓடுகிற லிஃப்டின் கதவு சென்சாரையும் ஒன்பதாம் எண் பொத்தானையும் அதற்குள் மாற்றுங்கள், இது சின்ன வேலை, தொழில் தெரிந்தவன் சொல்கிறேன். மூன்று படிகளுக்குப் பக்கத்தில் கைப்பிடியோடு ஒரு நிரந்தரச் சாய்தளம் கட்டுங்கள். கட்டி முடியும்வரை, கடைசிப் படியையும் தாண்டிப் போகிற மாதிரி கைப்பிடியையாவது நீட்டி, ஆடுகிற முனையைச் சிமெண்ட் போட்டு இறுக்குங்கள். லாபிக்கு மிக அருகில் இருக்கும் ஒரு பார்க்கிங் கட்டத்தை, நடக்கச் சிரமப்படுகிறவர்களை ஏற்றி இறக்க, அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒதுக்கி வையுங்கள்.

குறிப்புகளில் என்னைப் பற்றி எழுதிய அந்த வரியைத் திருத்துங்கள். லிஃப்டுக்குத் தனி நேரம் பேசிய உறுப்பினர், இந்த நோய் தொற்றாது என்பதைக் குடியிருப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் தன் பெயரிலேயே எழுதட்டும்.

இவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டும், இரண்டு வாரத்துக்குள். 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா, அதாவது அடுக்கக, நிர்வாகச் சட்டப்படி பொதுச் சொத்தைச் சரியாகப் பராமரிப்பது கூட்டு நிர்வாகக் குழுவின் கடமை, அது விருப்பத்தின்பேரில் செய்கிற உதவி இல்லை. பதில் வரவில்லையென்றால் இந்த மடலின் மலாய்ப் பிரதியும் படிகளின் புகைப்படங்களும் மாநகர் மன்றத்தில் இருக்கும் கட்டட ஆணையர் அலுவலகத்துக்குப் போகும். அங்கே நேரில் வரச் சொன்னால் வருகிறேன், அன்று லிஃப்ட் ஓடினால்.

இப்படிக்கு,
ஒன்பதாம் மாடிக் குடியிருப்பாளன்,
பினாங்கு